வேலிக்கு விலை கொடுப்பது யார்?

ஹாலந்து நாட்டில் ஹூக் என்ற ஊர். அங்கே ஒரு கப்பல் துறைமுகம்.

2021-ம் ஆண்டு ஜனவரி மாதம், இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒரு லாரி டிரைவரைச் சுங்க அதிகாரிகள் நிறுத்தினார்கள். சோதனை போட்டார்கள்.

கஞ்சா இல்லை. கடத்தல் தங்கம் இல்லை. ஈயத்தாளில் சுற்றிய நாலைந்து ரொட்டி இருந்தது. ரொட்டிக்குள் இறைச்சித் துண்டு. வழியில் சாப்பிடுவதற்காகக் கொண்டு வந்தது.

"இறைச்சி கொண்டு வரக் கூடாது" என்று சொல்லி, அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்தார்கள்.

"இறைச்சியை எடுத்துக் கொள்ளுங்கள், ரொட்டியையாவது கொடுங்கள்" என்று டிரைவர் கேட்டுப் பார்த்தார். அதுவும் கிடைக்கவில்லை.

"பிரெக்சிட்டுக்கு நல்வரவு ஐயா, வருந்துகிறேன்" என்றார் ஓர் அதிகாரி.

டெலிவிஷனில் இதைப் பார்த்து உலகமே சிரித்தது. ஆனால் இது சிரித்துவிட்டு மறக்கிற விஷயம் அல்ல. டிசம்பர் மாதம் வரை அதே துறைமுகத்தில் அந்த ரொட்டியை யாரும் திரும்பிக்கூடப் பார்த்தது இல்லை. ஜனவரியில் அது குற்றம் ஆகிவிட்டது.

எப்படி?

பாகப்பிரிவினை

ஐரோப்பாவில் 28 நாடுகள் கூட்டுக் குடும்பம் போலச் சேர்ந்து இருந்தன. அதற்குப் பெயர், ஐரோப்பிய யூனியன். பிரிட்டன் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தது 1973-ம் ஆண்டில். அப்போது அதற்கு வேறு பெயர், நாடுகளும் குறைவு.

கூட்டுக் குடும்பத்தில் அடுப்படியில் இருந்து கூடத்துக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியது இல்லை அல்லவா? அது போலத்தான் இதுவும். ஒரு நாட்டுச் சரக்கு இன்னொரு நாட்டுக்குப் போனால் சுங்கம் கிடையாது. ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டில் வேலை பார்க்கலாம். வீடு எடுத்துக் குடியிருக்கலாம். விசா வேண்டாம்.

இதற்குப் பதிலாக, எல்லா நாடுகளும் பொதுச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். பொதுச் செலவுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

"இதில் இருப்பதா, வெளியேறுவதா?" என்று 2016-ம் ஆண்டு ஜூன் மாதம் 23-ந் தேதி பிரிட்டிஷ் மக்களிடம் ஓட்டு எடுத்தார்கள். 100-க்கு 52 பேர் "வெளியேறு" என்றார்கள். 48 பேர் "இரு" என்றார்கள்.

2020-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி பிரிட்டன் வெளியேறியது. பழைய ஏற்பாடுகள் அந்த ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி இரவோடு முடிந்தன. இந்தப் பிரிவினைக்குத்தான் "பிரெக்சிட்" என்று பெயர்.

ஓட்டுப் போட்டவர்கள் ஏமாளிகளா?

இல்லை. அப்படிச் சொல்வது அநியாயம்.

இங்கிலாந்தின் கிழக்கே லிங்கன்ஷயர் என்ற ஜில்லா இருக்கிறது. முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் விளைகிற பூமி. அங்குள்ள பாஸ்டன் என்ற ஊரில், 100-க்கு 75 பேருக்கு மேல் "வெளியேறு" என்று ஓட்டுப் போட்டார்கள். அந்த நாட்டிலேயே மிக அதிகம் இதுதான்.

சில ஆண்டுகளுக்குள் அந்த ஊருக்குப் போலந்து, லித்துவேனியா முதலிய நாடுகளில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தோட்ட வேலைக்கு வந்தார்கள். வீட்டு வாடகை ஏறியது, கூலி ஏறவில்லை, ஆஸ்பத்திரியில் இடம் இல்லை என்று ஊர் மக்கள் குறைப்பட்டுக் கொண்டார்கள். லண்டனில் இருந்த மந்திரிகள் காது கொடுத்துக் கேட்கவில்லை.

"நம் வீட்டுக்கு நாமே எஜமானர்" என்ற ஆசையில் தவறு இல்லை. அடிமைப்பட்டு விடுதலை பெற்ற நாட்டு மக்களுக்கு அது நன்றாகவே புரியும்.

ஆனால், ஓட்டுக் கேட்டவர்கள் உண்மை விலையைச் சொன்னார்களா? அதுதான் கேள்வி.

"வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குக் கொடுக்கிறோம். அதை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்போம்" என்று சிவப்புப் பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடியையும், திரும்பி வந்த பணத்தையும் கழிக்காத கணக்கு அது. மக்களைத் தவறான எண்ணம் கொள்ளச் செய்யும் கணக்கு என்று புள்ளிவிவர ஆணையமே கண்டித்தது. ஆனாலும் பஸ் நிற்கவில்லை.

மீன் காத்திருக்குமா?

"நம் கடல் நமக்கே" என்ற பேச்சை நம்பி "வெளியேறு" என்றவர்களில் மீனவர்களும் உண்டு.

ஸ்காட்லாந்து மீனவர்கள் பிடிக்கும் நண்டும் இறாலும் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போகிறவை. பிடித்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அங்கே சந்தையில் இருக்கும். 2021 ஜனவரியில் அந்த லாரிகள் வழியில் நின்றுவிட்டன. காரணம், காகிதம்! சரக்குக்கு ஒரு சுங்கப் பத்திரம், சுகாதாரத்துக்கு ஒரு சர்டிபிகேட், அதில் அதிகாரியின் கையெழுத்து. ஒரு காகிதத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் லாரி நகராது.

அதிகாரி காத்திருப்பார். காகிதம் காத்திருக்கும். மீன் காத்திருக்குமா?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

ஒரே கம்பெனியின் ஒரே சரக்கை லாரி நிறைய ஏற்றினாலும் ஒரு சர்டிபிகேட். சின்ன வியாபாரி பத்தே பெட்டி அனுப்பினாலும் ஒரு சர்டிபிகேட். செலவு இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய கம்பெனியில் இதைப் பார்க்கத் தனி ஆபீஸ், தனி குமாஸ்தா, தனி வக்கீல் உண்டு. சின்ன வியாபாரிக்கு யார் இருக்கிறார்கள்? அவரும் அவர் மனைவியும்தான்.

அதனால் பெரியவர் சமாளித்தார். சின்னவர்களில் பலர் ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே விட்டுவிட்டார்கள்.

வேலி எல்லோருக்கும் பொதுதான். ஆனால் முள் குத்துவது செருப்பு இல்லாத காலை!

அடுப்படிக் கணக்கு

இது வியாபாரியோடு நிற்கவில்லை. அடுப்படிக்கும் வந்தது.

பிரிட்டனில் சாப்பிடும் காய், பழம், பால்கட்டி ஆகியவற்றில் கணிசமான பகுதி ஐரோப்பாவில் இருந்து வருகிறது. அங்கே காகிதச் செலவு கூடினால் இங்கே கடையில் விலை கூடும்.

லண்டன் பொருளாதாரக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். பிரெக்சிட்டால் மட்டும், 2021 முடிய இரண்டு ஆண்டுகளில், ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 210 பவுண்டு சாப்பாட்டுச் செலவு கூடியது என்று சொன்னார்கள். ஒரு பவுண்டு என்பது இன்று நூறு ரூபாய்க்கும் மேல்.

பணக்காரருக்கு இது ஒரு நாள் ஓட்டல் செலவு. ஏழைக்கோ, சம்பளத்தில் பெரும் பங்கு சாப்பாட்டுக்கே போகிறது. ஆகவே அவருக்குத்தான் அடி பலம்.

விலைவாசி ஏறியதற்கு பிரெக்சிட் மட்டுமே காரணம் அல்ல. கொரோனா வந்தது. உக்ரைன் போர் வந்தது. ஆனால் அவை தாமாக வந்த கஷ்டங்கள். இது ஓட்டுப் போட்டு வரவழைத்தது.

நாய்க்கும் சர்டிபிகேட்!

சின்னச் சின்ன விஷயங்களையும் பார்க்கலாம்.

பெர்லினில் வேலை பார்க்கும் மகள், லண்டனில் உள்ள தாய்க்கு ஒரு பரிசு அனுப்புகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதன் மதிப்பு 39 பவுண்டுக்கு மேல் போனால் தாய் வரி கட்ட வேண்டும்!

முன்பு நாய்க்குக்கூட பாஸ்போர்ட் இருந்தது. ஒரு தடவை வாங்கினால் பல தடவை பிரான்சுக்குக் கூட்டிப் போய் வரலாம். 2021-ல் அது செல்லாமல் போனது. புறப்படுவதற்கு முந்திய பத்து நாட்களுக்குள் மிருக வைத்தியரிடம் சர்டிபிகேட் வாங்க வேண்டும் என்று ஆயிற்று. பிரிட்டனில் இருந்து புறப்படும் ஒவ்வொரு தடவைக்கும் புதிது. கட்டணமும் பெரும்பாலும் நூறு பவுண்டுக்குக் குறைவது இல்லை.

வயதான காலத்தில் ஸ்பெயினில் வெயில் காயலாம் என்று பலர் அங்கே வீடு வாங்கி வைத்திருந்தார்கள். அங்கே குடியிருக்க அனுமதி வாங்காதவர்கள், எந்த 180 நாளை எடுத்துக் கொண்டாலும் 90 நாள்தான் அங்கே தங்கலாம். வீடு சொந்தம், நாள் சொந்தம் இல்லை!

பாஸ்போர்ட்டின் நிறத்தைச் சிவப்பில் இருந்து பழையபடி நீலமாக்கி, இது சுதந்திரத்தின் அடையாளம் என்றார்கள். அச்சிடும் காண்டிராக்டை எடுத்தது ஐரோப்பியக் கம்பெனி. அச்சானது போலந்தில்!

மண்ணுக்கும் தடை

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், வட அயர்லாந்தில்.

வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. அதை ஒட்டிய அயர்லாந்து தனி நாடு. ஐரோப்பிய யூனியனில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 500 கிலோ மீட்டர் எல்லை. அந்தப் பகுதியில் முப்பது ஆண்டு நடந்த சண்டையில் 3,500 பேருக்கு மேல் மாண்டார்கள். 1998-ல் சமாதான ஒப்பந்தம் வந்தது. எல்லைச் சாவடிகள் மறைந்தன.

மறுபடி அங்கே சாவடி வைத்தால் பழைய பகை தலைதூக்கும். ஆகவே சோதனையைக் கடலுக்குக் கொண்டு போனார்கள். பிரிட்டனின் ஒரு பகுதியில் இருந்து இன்னொரு பகுதிக்குப் போகும் சரக்குக்கே சோதனை! வேரில் இங்கிலாந்து மண் ஒட்டியிருந்தால் ஒரு ரோஜாச் செடிகூடப் போகக் கூடாது என்றார்கள். 2023-ல் புது ஒப்பந்தம் வந்த பிறகே இது தளர்ந்தது.

ஆள் குறைந்தார்களா?

"வெளியேறினால் வெளிநாட்டார் வருவது குறையும்" என்றார்கள்.

ஐரோப்பாவில் இருந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். உண்மை. ஆனால் பழம் பறிக்க ஆள் வேண்டுமே? ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேண்டுமே? பழம் பறிக்க நேபாளத்தில் இருந்தும் இந்தோனேஷியாவில் இருந்தும் ஆறு மாத விசாவில் ஆட்களை அழைத்தார்கள். இந்தியாவில் இருந்து போன நர்சுகளின் எண்ணிக்கை கூடியது. 2021 இலையுதிர் காலத்தில் லாரி டிரைவர்கள் பற்றாக்குறையால் பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் வரிசை நின்றன; பட்டாள வீரர்கள் வந்து டாங்கர் லாரி ஓட்டினார்கள்.

2023 ஜூனோடு முடிந்த ஓராண்டில், போனவர்களைக் கழித்து, வந்தவர்கள் 9 லட்சத்துக்கும் மேல். ஓட்டு எடுத்த காலத்தைவிட மிக அதிகம். அதன் பிறகே குறையத் தொடங்கியது.

நல்லது ஒன்றும் இல்லையா? உண்டு. ஐரோப்பியச் சட்டத்தால் நீக்க முடியாதிருந்த ஒரு வரி, பெண்களின் மாதவிலக்குத் துணிகளுக்கான வரி, 2021 ஜனவரி முதல் தேதி நீங்கியது. மற்ற நாடுகளோடு தானே ஒப்பந்தம் செய்யும் உரிமையும் வந்தது. இதை மறைப்பது நியாயம் அல்ல.

வேலியில் ஒரு வாசல்

இப்போது பிரிட்டன் வேலியில் சில வாசல்களைத் திறக்கப் பார்க்கிறது. உணவுச் சோதனைகளைக் குறைக்கவும், நாய்க்கு மறுபடி பாஸ்போர்ட் கொடுக்கவும் 2025 மே 19-ந் தேதி லண்டனில் பேசி முடிவு செய்தார்கள். மாணவர்கள் ஐரோப்பாவில் படிக்கும் திட்டத்தில் 2027 முதல் மறுபடி சேர 2025 டிசம்பரில் இசைந்தார்கள்.

பாகம் பிரிந்த அண்ணன் தம்பிகள், சில ஆண்டு கழித்து நடுச்சுவரில் ஒரு கதவு வைத்துக் கொள்கிறார்கள் அல்லவா? அது போல!

கதவு வைப்பது நல்லதுதான். ஆனால் சுவர் கட்டிய செலவு, இடித்த செலவு, கதவு வைத்த செலவு எல்லாம் யார் தலையில்? லாரி டிரைவர், மீனவர், சின்னக் கடைக்காரர், மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் குடும்பம் ஆகியோர் தலையில்தான். ஓட்டுக் கேட்ட மந்திரிகள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் ரொட்டியையும் யாரும் பிடுங்கவில்லை.

பிரிவதா சேருவதா என்பது அந்தந்த நாட்டு மக்களின் உரிமை. அதில் மற்றவர் தலையிட முடியாது. ஆனால் எந்த நாட்டிலும், எந்தத் தலைவர் வந்து "ஆமாவா, இல்லையா?" என்று ஓட்டுக் கேட்டாலும், சாதாரண மனிதன் அவரைத் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு:

"சரி ஐயா, இதனால் என் வீட்டு அடுப்படியில் என்ன மாறும்?"

அதற்கு நேராகப் பதில் சொல்லாதவருக்கு ஓட்டுப் போடுவதற்கு முன், ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.