வாலிபர் மனத்துயரும் ஆலை விடுதிகளும்

தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய இந்தியன் பீனல் கோடு 309-ம் பிரிவு, 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் ஒழிந்தது. 1860-ல் அதை நமக்கு வகுத்த ஆங்கிலேயன், தன் நாட்டில் அக்குற்றத்தை 1961-லேயே ரத்து செய்துவிட்டான். அவன் எறிந்துவிட்ட சாட்டையை நாம் மேலும் அறுபத்துமூன்று வருஷங்கள் பத்திரமாய் வைத்திருந்தோம்! அப்படி முயன்றவர் கடும் மனவேதனைக்கு ஆளானவரென்றே கொள்ளவேண்டுமென்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் கூறிய பின்னரும், பழைய பிரிவு ஏட்டில் இருந்துகொண்டேயிருந்தது.

வேதனைப்பட்டவன் குற்றவாளியல்லன் என்பது சரி. வேதனை முற்றுமுன் அவனைக் காப்பவர் யார்? 2025 ஜூலை 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட் இதற்கு ஒரு வழி செய்தது. நூறு மாணவர்க்குக் குறையாத கல்வி ஸ்தாபனம் ஒவ்வொன்றிலும் தேர்ச்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்கவேண்டும். மார்க்கை வைத்து மாணவரைப் பிரிப்பதும், பலர் முன் அவமதிப்பதும் கூடா. 'டெலி மானஸ்' என்னும் இலவச உதவித் தொலைபேசியின் எண்ணை விடுதிகளில் யாவரும் காண எழுதிவைக்கவேண்டும். கலாசாலைகள் மலிந்த கோயமுத்தூருக்கு இது பெரிய காரியம். "தைரியமாயிரு" என்று மேடையில் உபதேசிப்பதால் எந்த வாலிபனுக்கும் நம்பிக்கை பிறந்ததில்லை. அவன் சொல்வதைக் கேட்க ஒருவர் வேண்டும்.

ஆனால் கொங்குநாட்டில் வேறொரு விடுதியும் உண்டு. அது நூற்பாலை விடுதி. கல்லூரி மாணவிக்குள்ள அதே வயதுடைய பெண்கள் இரவு ஷிப்டு முடிந்து வந்து அங்கே படுக்கிறார்கள். மூன்று வருஷம் உழைத்தால் முடிவில் கலியாணச் செலவுக்கு ஒரு தொகை கிடைக்குமென்று சொல்லி, 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்களகரமான பெயரால் ஏழைப் பெண்கள் அழைத்துவரப்பட்டதும், இஷ்டப்படி வெளியே போகவொட்டாமல் அவர்கள் கட்டுப்படுத்தப்பட்டதும், 2011-லும் 2014-லும் வெளிவந்த விசாரணை அறிக்கைகளால் உலகறிந்த சங்கதி. ஒடிஸா, ஜார்க்கண்டு முதலிய ராஜ்யங்களிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் அழுதால் ஏனென்று கேட்கும் பாஷைகூட இங்கே அந்நியம்.

சுப்ரீம் கோர்ட்டின் கட்டளை கல்வி ஸ்தாபனங்களுக்கே உரியது. ஆலை வாசலில் அது நின்றுவிடுகிறது. இந்தப் பேதத்தைப் போக்கப் புதுச் சட்டம் தேவையில்லை. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ல் இயற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்கீழ் விதிகள் செய்யும் அதிகாரம் ராஜ்ய சர்க்காருடையது. நூறு பெண்கள் தங்கும் ஆலை விடுதியில் அவர்கள் பாஷையறிந்த ஆலோசகர் ஒருவர். 14416 என்ற எண்ணை யார் முன்னிலையுமின்றி அழைக்க ஒரு தொலைபேசி: இவ்விரண்டையும் லைசென்ஸ் நிபந்தனையாக்கும்படி மந்திரிகளைக் கேட்கிறோம். முதலாளிகள் செலவைக் காட்டி ஆட்சேபிக்கக்கூடும். ஒரு கதிர் நின்றால் உடனே பிட்டரை வரவழைக்கும் ஆலைகளுக்கு இச்செலவு தாங்காதென்பதை நாம் ஒப்புவதற்கில்லை.