கணிப்பொறி பக்கவாத்தியமாக இருக்கட்டும்!

தேனிக்கு அருகே வீரபாண்டியில் சித்திரைத் திருவிழா நடப்பதை அறிவீர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலும் திருவிழாக்களுக்குக் குறைவில்லை. இன்று கச்சேரி மேடைகளில் மடிக்கணினியும் இடம் பெறுகிறது. முன்பே பதிவு செய்த தாளத்தை அது ஒலிக்க, தவில்காரருக்கும் பம்பைக்காரருக்கும் மேடையில் இடமில்லாமல் போகிறது. இது முன்னேற்றம்தானா?

கணிப்பொறி இசைக்குப் பகை அன்று. இதே மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே கணிப்பொறியின் துணையைப் பெற்றார். ஆனால் அதனால் அவர் வாத்தியக்காரர்களைக் கைவிடவில்லை. 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அவரது சிம்பொனியை வாசித்தது மனிதர்களின் இசைக்குழுவே.

சரி, மென்பொருளைப் புதுப்பித்தால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடுமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கணிப்பொறி ஒலியை வினாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பிரித்துக் கையாளுகிறது என்று கொள்வோம். அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பாமல், ஒரு தொகுதி சேர்ந்த பிறகே அனுப்பும். தொகுதியில் 256 மாதிரிகள் இருந்தால் தாமதம் சுமார் 6 மில்லி வினாடி. 1,024 இருந்தால் சுமார் 23 மில்லி வினாடி. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஆகவே கையருகே உள்ள வாத்தியம் 8 மீட்டர் தள்ளி ஒலிப்பது போலாகிவிடும்!

புதிய மென்பொருள் அதிகக் கணக்குகளைச் செய்யச் சொன்னால், பழைய கணிப்பொறி திணறும். திணறாமலிருக்கத் தொகுதியைப் பெரிதாக்க வேண்டும், தாமதமும் பெருகும். வீட்டில் பதிவு செய்வோர் இதைச் சமாளிக்கலாம். மேடையில் முடியாது. புதியது என்பதாலேயே அது மேலானதாகிவிடாது அல்லவா?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நையாண்டி மேளத்தில் தவில்காரர் ஆடுபவரின் காலைப் பார்த்து வாசிக்கிறார். ஆட்டம் சூடு பிடித்தால் தாளமும் விரைகிறது. பதிவு செய்த தாளத்துக்குக் கண் இல்லை. ஆடுபவர்தான் அதன் பின்னே ஓட வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான்: கணிப்பொறி பக்கவாத்தியமாக இருக்கட்டும், மனிதரின் வேகத்துக்கு அது இணங்கட்டும். கச்சேரிக்கு முந்திய நாள் மென்பொருளை மாற்ற வேண்டாம். பாட்டுகளின் ஒரு பிரதியைச் சாதாரண ஒலிக் கோப்பாகவும் வைத்திருங்கள். மென்பொருள் மாறினாலும் பாட்டு அழியாது.

உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் புதிய மென்பொருள் வாங்கலாமா என்று பேச்சு வந்தால், முதலில் உள்ளூர்த் தவில்காரர் ஒருவரை அழையுங்கள். அவர் வாசிக்கட்டும். அதைப் பதிவு செய்ய உங்களிடமுள்ள பழைய கணிப்பொறியே போதும்!