மயிலாப்பூரா, வேளச்சேரியா?

வீடு தேடும் குடும்பம் முதலில் கேட்பது, "வாடகை எவ்வளவு?" என்பதுதான். அடுத்து, "அட்வான்ஸ் எவ்வளவு?" மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. "மழை பெய்தால் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும்?" சென்னையில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்!

மயிலாப்பூரையும் வேளச்சேரியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் நல்ல இடங்களே. திருமயிலைக்கு 1997-லும் வேளச்சேரிக்கு 2007-லும் பறக்கும் ரயில் வந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அரை மணிக்குள் போய்விடலாம்.

கூப்பிடு தூரம்

மயிலாப்பூரில் நடுநாயகமாகக் கபாலீசுவரர் கோயில் இருக்கிறது; பக்கத்திலேயே குளம். காய்கறி, பூ, பாத்திரம், மருந்து எல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும். வயதான பாட்டி துணையில்லாமல் கோயிலுக்குப் போய்த் திரும்பலாம். ஆனால் தெருக்கள் நெருக்கம். கொடுக்கும் வாடகைக்கு வீடு சிறியதாகத்தான் கிடைக்கும்.

வேளச்சேரியில் அதே வாடகைக்குப் பெரிய வீடு கிடைக்கும். தரமணி, பெருங்குடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அலைச்சல் மிச்சம்.

தண்ணீர் போகும் வழி

ஆனால் வேளச்சேரியில் பல தெருக்கள் தாழ்வானவை. மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போகவேண்டும். ஏரியும் சதுப்பும் சுருங்கிவிட்டன. தண்ணீர் எங்கே போகும்? தெருவில்தான் நிற்கும்! 2015 டிசம்பரில் அங்கே தெருவில் படகு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வெள்ளம்.

மாதாமாதம் மிச்சம் பிடித்த வாடகைப் பணம் ஒரே இரவில் போய்விடும். குளிர்சாதனப் பெட்டி, ஸ்கூட்டர், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் நனைந்த பிறகு கணக்குப் பார்த்து என்ன பயன்?

அதற்காக வேளச்சேரியே வேண்டாம் என்பதில்லை. அங்கே மேடான தெருக்களும் உண்டு. மயிலாப்பூரிலும் தண்ணீர் தேங்கும் தெருக்கள் உண்டு. தெருவைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

யாரிடம் கேட்பது?

தரகர் சொல்லமாட்டார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரும் மளிகைக் கடைக்காரரும் சொல்வார்கள். "2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்டால், கையை வைத்தே காட்டுவார்கள். மாடி வீடானாலும் மின்சார மீட்டரும் மோட்டாரும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்க்கவேண்டும். குடிநீர்த் தொட்டிக்குள் வெள்ளம் புகுமா என்றும் பார்க்கவேண்டும்.

தரமணியில் வேலை பார்க்கும் இளம் தம்பதிக்கு வேளச்சேரியில் மாடி வீடு பொருந்தும். முதியவர்கள் உள்ள குடும்பத்துக்குச் சிறிய வீடானாலும் மயிலாப்பூரே மேல்.

விலைக்கு வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். வாடகைக்கு இருப்பவர் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடம் போகலாம். வாங்கியவர் வீட்டையே மூட்டை கட்ட முடியுமா? ஒரு மழைக்காலம் பொறுத்து, கொட்டும் மழையில் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பார்த்த பிறகு முன்பணம் கொடுப்பதே புத்திசாலித்தனம். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது!