பயிற்றுவித்தவர் பெயர் எங்கே?

கல்லூரி மண்டபங்களிலே வெற்றிக் கிண்ணங்களின் அருகே ஆண்டும் அணித்தலைவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கக் காண்கின்றோம். மாலைதோறும் மைதானத்தில் நின்று அவ்வணியை உருவாக்கிய ஆசிரியரின் பெயரை அங்கே காண்டல் அரிது. பயிற்றுவோரைப் போற்றாத கல்லூரி நல்ல அணியை நெடுநாள் வைத்திருத்தல் இயலாது என்பது எமது துணிபு. அதற்குச் சான்றாக ஓர் ஆசிரியரின் வரலாற்றை அன்பர்க்கு நினைவூட்டுகின்றோம்.

ஐதராபாத்தில் 1909 ஆம் ஆண்டு பிறந்த சையத் அப்துல் ரகீம் தொழிலாற் பள்ளியாசிரியர். அவர் பயிற்றிய ஐதராபாத் நகரப் பொலிஸ் உதைபந்தாட்ட அணி, 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டும் இடையறாது பம்பாய் றோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. வலுக்குறைந்த காலினாலேயே பந்தை உதைத்தல் வேண்டுமென விதித்துப் போட்டிகள் நடத்தியவர் அவர். மாணவனின் குறையறிந்து அதனையே நிறைவாக்கும் இம்முறை வகுப்பறையிற் பழகியவர்க்கே எளிதில் தோன்றும்.

அவர் பொறுப்பில் இந்திய அணி 1951 இல் புதுடில்லி ஆசிய விளையாட்டு விழாவிலே தங்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், வீரர் பலர் வெறுங்காலுடன் ஆட, யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. அத்தோல்வியோடு அவரை விலக்கியிருந்தால், 1956 இல் மெல்பேர்னில் அவுஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காமிடம் அடைந்த பெருமை வாய்த்திருக்குமோ என்பது ஐயமே.

1962 இல் ஜகார்த்தா விழாவின் முதலாட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 2-0 எனத் தோற்றது. தலையிற் காயமுற்ற தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை ரகீம் பின்னர் முன்னணியில் நிறுத்தினார். இறுதியாட்டத்தில் அவரும் ஒரு கோல் போட, அதே தென்கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அவ்வேளை ரகீமைப் புற்றுநோய் பற்றியிருந்தது. 1963 ஜூன் 11 இல் அவர் மறைந்தார். ஆசிய விழாவிலே அத்தகைய தங்கம் இந்திய உதைபந்தாட்ட அணிக்கு இன்றுவரை மீண்டும் கிட்டவில்லை.

ஒருவரை நம்பித் தோல்வியிலும் கைவிடாது வைத்திருந்ததன் பயன் இது. நாமோ ஒரு பருவத்தில் கிண்ணம் வாராவிடின் பயிற்றுநரை மாற்ற விழைகின்றோம். பரீட்சையே முதன்மையானது, விளையாட்டுக்கு இத்துணை செலவு வேண்டுமோ என வினவுவாரும் உளர். தோற்றபின் மறுநாள் மைதானத்துக்கு வரும் மாணவன் பெறும் கல்வியை எந்தப் பரீட்சையும் அளிக்காது என்பதே அவர்க்கு எமது விடை.

சாவகச்சேரியிலும் வெளிநாடுகளிலும் வாழும் பழைய மாணவர்கள் ஜுபிலி நினைவாகக் கட்டடங்களுக்கு வாரி வழங்குதல் போற்றற்குரியது. அதனோடு, தகுதிவாய்ந்த பயிற்றுநர் ஒருவரை ஐந்தாண்டுக்கேனும் நிலைநிறுத்த ஒரு நிதியம் அமைத்தல் வேண்டும். முன்னாட் பயிற்றாசிரியர்களின் பெயர்களை, அவர்களை அறிந்தோர் உள்ளபோதே திரட்டிக் கிண்ணங்களின் அருகே பொறித்தலும் வேண்டும். முன்னதற்குப் பொருள் வேண்டும். பின்னதற்கு நன்றியுணர்வே போதும். அதனை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.