ஒழுகும் ஷவர்: மாற்றுவதா, சரிசெய்வதா?

குளியலறை ஷவர் சொட்டினால் இப்போதெல்லாம் முதலில் காதில் விழுவது, "மொத்தமா மாத்திருங்க சார், இது இனி தேறாது" என்பதுதான். போன மாதம் எங்கள் வீட்டிலும் அதே பேச்சு. புது செட்டுக்கு ஆறாயிரத்துச் சொச்சம். டைல்ஸ் உடைத்து ஒட்டும் கூலி தனி. பென்ஷனில் காலம் தள்ளும் நாம் உடனே தலையாட்டக் கூடாது என்பது என் கட்சி.

சொட்டு மேலே தெரிந்தாலும், கோளாறு பெரும்பாலும் சுவரில் உள்ள வால்வில்தான் இருக்கும். பல சுற்று திருகி மூடும் பழைய வகையில் ரப்பர் வாசர் தேய்ந்திருக்கும். கால் சுற்றில் மூடும் புது வகையில் செராமிக் தகடு உள்ள ஸ்பிண்டில் போயிருக்கும். இரண்டையும் டைல்ஸைத் தொடாமலே மாற்றலாம். எங்கள் வீட்டில் ஸ்பிண்டில் மாற்றியதோடு வேலை முடிந்தது; கூலி சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள். மூடிய பின் சிறிது நேரம் சொட்டி நின்றுவிட்டால் அது கோளாறே அல்ல. உள்ளே தங்கிய தண்ணீர் வடிகிறது, அவ்வளவுதான்.

அதற்காகச் சும்மா விட்டுவிடவும் கூடாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. ஒரு பெரிய வாளி நிறைந்துவிடும். நம் பள்ளத்தாக்கில் பல ஊர்களுக்கு அது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். அதோடு நம் வயதில் எப்போதும் ஈரமாய்க் கிடக்கும் தரை ஆபத்து. வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் ஆகும் செலவுக்கு முன் ஷவர் விலை எம்மாத்திரம்!

கசிந்தால் உடனே மாற்று என்பவர்களுக்கு பெரியாறு அணையே பதில். பென்னிகுயிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டி 1895-ல் முடித்த அணை. 1979-ல் அதன் பாதுகாப்பு பற்றிக் கேள்வி எழுந்தபோது நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள். பிறகு மேலே கான்கிரீட் தொப்பி போட்டார்கள். இரும்புக் கம்பிகளை அடிப்பாறை வரை இறக்கி இறுக்கினார்கள். பின்புறம் கான்கிரீட் அணைப்புக் கொடுத்தார்கள். கசிவை இன்றும் அளந்து பார்க்கிறார்கள். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உறுதி செய்தது. புது அணை கேட்கும் கேரளத்தில், அணைக்குக் கீழே வசிப்பவர்களின் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. பயத்துக்கும் பதில், அளந்து பார்த்துப் பலப்படுத்துவதுதான்.

மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. வால்வின் உடல் வெடித்திருந்தால், மரை அரித்துப்போயிருந்தால், அந்த மாடலுக்கு ஸ்பிண்டில் கிடைக்காவிட்டால், சரிசெய்தும் சில மாதத்தில் மறுபடி சொட்டினால் தயங்காமல் மாற்றுங்கள். மூட்டுவலிக் கைக்குத் திருகு இறுகலாக இருந்தால் நீளக் கைப்பிடி உள்ளதாக மாற்றுவதும் நியாயமான செலவே.

பிளம்பர் தம்பி வந்தால் கேட் வால்வை மூடிவிட்டு, "முதலில் கழற்றிக் காட்டுப்பா" என்று கேளுங்கள். எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.