“நீதான் நல்லா செய்வியே!” – இது பாராட்டா, ஏவலா?



கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள். கோபம் வந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

விஷயம் இதுதான். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவருக்குப் பிறந்தநாள் என்றால், கேக் செய்யத் தெரிந்த பெண்ணைப் பிடித்து, “தீம் வச்சு 24 கப்கேக் செஞ்சு கொண்டு வந்துடு” என்று சொல்கிறார்கள். சாமான் செலவை மட்டும் கொடுக்கிறார்கள், சில சமயம் அதையும் மறந்துவிடுகிறார்கள். இது தப்பு. நட்பு என்று பெயர் சூட்டினாலும் இது கூலியில்லாத வேலைதான். என் மாணவர்களில் கேட்கும் இடத்திலும் பலர் இருக்கிறீர்கள், செய்யும் இடத்திலும் பலர் இருக்கிறீர்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னிடம் படித்த பெண்கள் நாலைந்து பேர் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் கேக் செய்கிறார்கள். அவர்கள் போடும் படங்களைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். கிரிக்கெட் பேட், ஸ்டம்ப், குட்டி லேப்டாப், ஃபில்டர் காபி டம்ளர் டபரா, ரஜினி கண்ணாடி என்று எல்லாவற்றையும் சர்க்கரை மாவில் செய்து கேக் மேல் உட்கார வைத்திருப்பார்கள். படத்துக்குக் கீழே வரும் கமெண்டுகள்தான் எனக்கு வயிற்றெரிச்சல். “அடுத்த மாசம் என் பர்த்டே, மறந்துடாதே.” “இனிமே நம்ம டீமுக்கு வெளியே ஆர்டர் பண்ணவே வேண்டாம்.” “இத்துனூண்டு கேக்குதானே, நாளைக்கே முடிச்சிடலாம்ல?”

நாளைக்கே முடியுமா? ஃபாண்டன்ட் என்றால் என்ன என்று தெரியாத பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். பொடித்த சர்க்கரையோடு குளுக்கோஸ், கிளிசரின், ஜெலட்டின் அல்லது ஏதாவது ஒரு பிசின் சேர்த்துப் பிசைந்த மாவு அது. சப்பாத்தி மாதிரி தேய்க்கலாம், களிமண் மாதிரி உருவம் பிடிக்கலாம். ஆனால் சப்பாத்தி மாவைப் போல அது சொன்ன பேச்சைக் கேட்காது. திறந்து வைத்தால் காய்ந்து வெடிக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். சர்க்கரை ஈரத்தை இழுக்கும், மாவு பிசுபிசுத்துக் கையோடு வரும். ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தால் மேலே நீர் கோத்து, சாயம் வழியும். பேட், ஸ்டம்ப் மாதிரி நிற்க வேண்டிய உருவங்களுக்கு டைலோஸ் பொடி கலந்து, ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். அதனால் வியாழக்கிழமை காலையில் கேக் வேண்டுமென்றால், செவ்வாய் ராத்திரியே பொம்மை தயாராகியிருக்க வேண்டும். கீழே தடவும் பட்டர்கிரீமோ 30 டிகிரி தாண்டினால் தளர ஆரம்பித்துவிடும். இதையெல்லாம் ஒரு டப்பாவில் அடுக்கி, மே மாத வெயிலில், ஆடாமல் அசையாமல் ஆபீஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனி வேலை.

கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்குப் போட்டே ஆக வேண்டும். 24 கப்கேக். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பச்சை வட்டம், ஒரு பேட், ஒரு பந்து, மூன்று ஸ்டம்ப். கை பழகியவளுக்கே ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 240 நிமிடம், அதாவது 4 மணி நேரம். மாவு கலந்து, சுட்டு, ஆறவிட 2 மணி நேரம். கிரீம் அடித்து, தடவி, பொம்மைகளை ஒட்ட ஒன்றரை மணி நேரம். பாத்திரம் கழுவி மேடை துடைக்க அரை மணி நேரம். கூட்டினால் 8 மணி நேரம். இது முழுதாக ஒரு வேலைநாள். பகலில் ஆபீஸில் ஒரு வேலைநாளை முடித்துவிட்டு, வீட்டுச் சமையலையும் முடித்துவிட்டு, ராத்திரியில் இன்னொரு வேலைநாள். இதற்கு நீங்கள் கொடுப்பது மைதா, சர்க்கரை, வெண்ணெய் விலை மட்டும். அந்த 8 மணி நேரத்துக்கு நீங்கள் போட்ட விலை பூஜ்யம். விடைத்தாளில் இப்படி ஒரு விடை வந்தால் நான் சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த பக்கம் போவேன்.

இனி வழக்கமாக வரும் மறுப்புகளைப் பார்ப்போம்.

முதல் மறுப்பு: “அவளே ஆசைப்பட்டுத்தான் செய்கிறாள், டீச்சர்.” முதல் தடவை ஆசைதான், மறுக்கவில்லை. கையில் கலை இருப்பவர்களுக்கு அதைக் காட்ட ஆசை இருக்கும். இரண்டாவது தடவை கூச்சம். மூன்றாவது தடவை கடமை. நாலாவது பிறந்தநாளுக்கு அவள் செய்யாவிட்டால், “அவருக்கு மட்டும் செஞ்சே, எனக்கு இல்லையா?” என்று மனஸ்தாபம். ஆசையா கட்டாயமா என்று தெரிய ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. அவளால் முகம் சுளிக்கப்படாமல் “முடியாது” என்று சொல்ல முடியுமா? முடியும் என்றால் ஆசை. முடியாது என்றால், அதற்குப் பெயர் ஆசை இல்லை.

இரண்டாவது மறுப்பு: “நட்புக்குள் காசு பேசுவதா?” சரி, நட்பு என்றே வைத்துக்கொள்வோம். இந்த நட்பு யாருக்கெல்லாம் கிடைக்கிறது? டீம் லீடருக்கு, மேனேஜருக்கு, அவர்களோடு சேர்ந்து சாப்பிடும் நாலு பேருக்கு. உங்கள் மாடியைத் துடைக்கும் அம்மாவின் பிறந்தநாள் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கு என்ன தீம் பிடிக்கும் என்று யாராவது கேட்டதுண்டா? மேல்நோக்கி மட்டுமே ஓடும் அன்பை நான் நட்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். அதில் கொஞ்சம் பயமும் கொஞ்சம் காரியமும் கலந்திருக்கிறது. அந்தக் காரியத்துக்கு ஒருத்தியின் தூக்கத்தைச் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அதே ஆபீஸில் ஒரு பையன் கேக் செய்து கொண்டுவந்தால் அவன் ‘செஃப்’. எல்லோரும் சுற்றி நின்று, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்கிறார்கள், கடை திறக்கச் சொல்கிறார்கள். ஒரு பெண் செய்தால் ‘ஹோம்லி’, ‘கட்டிக்கிறவன் கொடுத்து வச்சவன்’. ஒரே அடுப்பு, ஒரே மாவு. அவனுக்குத் திறமை, அவளுக்குச் சுபாவமாம். சுபாவம் என்று சொல்லிவிட்டால் யாரும் கூலி கேட்க மாட்டார்கள் அல்லவா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

மூன்றாவது மறுப்பு நம் உறவுக்காரர்களிடமிருந்து வரும், எனக்குத் தெரியும். “இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். ஒரு கேசரி கிண்டினால் போதாதா?” சித்தப்பா, மதினி, உங்களோடும் எனக்குச் சண்டை உண்டு. சர்க்கரையை உருவமாக்கி விசேஷத்தில் வைப்பது நமக்குப் புதிதா? கல்யாண வீடுகளில் கூம்பு கூம்பாகப் பருப்புத்தேங்காய் பிடித்து, ஜிகினாத்தாள் சுற்றி, சீரோடு வைப்பதைப் பார்த்ததில்லையா? கர்நாடகத்தில் சங்கராந்திக்குச் சர்க்கரை அச்சில் யானையும் குதிரையும் வார்த்து எள்ளோடு கொடுக்கிறார்கள். ஃபாண்டன்டும் அந்த வகைக் கைவேலைதான். மார்கழியில் விடியற்காலை எழுந்து புள்ளி பிசகாமல் கோலம் போட்டவளின் பேத்திதான் இன்று கேக் மேல் பூ வைக்கிறாள். அவள் கலையை இளப்பமாகப் பேசாதீர்கள்.

அது மட்டுமில்லை. கேசரிக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? நம் குடும்பத்திலேயே முந்திரிக்கொத்து நன்றாகச் சுடுகிறவளை எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தலில் உட்காரவிட்டதில்லை. “உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?” என்று சொல்லியே அடுப்படியில் உட்கார வைத்துவிடுவோம். தாலி கட்டும்போது கொட்டுமேளம் அவளுக்குப் புகைக்குள் இருந்துதான் கேட்கும். பண்டம்தான் மாறியிருக்கிறது, பழக்கம் அப்படியே இருக்கிறது. அதனால் மேல்நாட்டைக் குறை சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

சரி, இத்தனை பாடுபட்டுச் செய்த பொம்மை என்ன ஆகிறது? ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். படம் எடுத்தாகிறது. பிறகு முக்கால்வாசிப் பேர் ஃபாண்டன்டைப் பிய்த்து டிஷ்யூவில் வைத்துவிட்டுக் கீழே இருக்கும் கேக்கை மட்டும் சாப்பிடுகிறீர்கள். “ரொம்ப இனிப்பு, ரப்பர் மாதிரி இருக்கு.” உண்மைதான், அது சர்க்கரைக் கட்டி. சர்க்கரை வியாதிக்காரர் ஒதுக்கத்தான் வேண்டும். ஜெலட்டின் போட்டதென்றால் அது மாட்டின் தோல், எலும்பு அல்லது பன்றித்தோலிலிருந்து வருவது. சைவக்காரருக்கும் நோன்பு விரதம் பார்ப்பவருக்கும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்வதும் அவள் தலையில்தான். அடர்சிவப்பு, கருப்பு தீம் கேட்கிறீர்களே, அந்த நிறம் வர எவ்வளவு சாயம் ஊற்ற வேண்டும் தெரியுமா? 2024 பிப்ரவரியில், ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருப்பது தெரிந்து, பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது நினைவிருக்கும். ஒழுங்காகச் செய்கிற பெண் அனுமதிக்கப்பட்ட உணவுச்சாயத்தைத்தான் வாங்குவாள், அதையும் அளவாகத்தான் போடுவாள். அது விலை கூடியது. கடைசியில் அந்தச் சாயமும் அந்த 4 மணி நேரமும் சேர்ந்து குப்பைக்கூடையில்.

கப்கேக் பிறந்த கதையைப் பாருங்கள். 1796இல் அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண் எழுதிய சமையல் புத்தகத்தில், லேசான கேக்கைச் சின்னக் கிண்ணங்களில் சுடலாம் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அவ்வளவு எளிமையாகத் தொடங்கியது. அதன் தலையில் கிரிக்கெட் மைதானத்தை ஏற்றியது நாம். பிறந்தநாள்காரருக்கு ஒரே ஒரு கேக்கில் பொம்மை வையுங்கள், மற்ற 23 கேக்கும் வெறும் கிரீமோடு இருக்கட்டும். அந்த 4 மணி நேரம் பத்து நிமிடமாகிவிடும். அன்பில் ஒரு கிராம் குறையாது. பொம்மையும் குப்பைக்குப் போகாது, அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழந்தையிடம் கொடுப்பார்.

இதில் இன்னொருவர் வயிற்றுப்பாடும் இருக்கிறது. கேக் செய்தே குடும்பம் நடத்தும் பெண்கள் நம் ஊர்களில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் செய்து விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்கள் பதிவு செய்து, கரண்டுக்கும் டப்பாவுக்கும் கணக்குப் பார்த்து ஒரு விலை சொன்னால், “எங்க ஆபீஸ் பொண்ணு சும்மாவே செஞ்சு தருது, நீங்க இவ்வளவு கேக்கிறீங்களே” என்று பேரம் பேசுகிறீர்கள். ஒருத்தியின் இலவச உழைப்பைக் காட்டி இன்னொருத்தியின் கூலியை வெட்டுகிறீர்கள். இலவசமாகச் செய்யும் பெண்ணே, உன் நல்ல மனது இன்னொரு பெண்ணின் அடுப்பை அணைக்கிறது என்பதையும் நீ யோசிக்க வேண்டும்.

சும்மா திட்டிவிட்டுப் போக நான் வரவில்லை. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

கேட்பவர்களுக்கு: ஒரு வாரம் முன்னால் கேளுங்கள், தனியாகக் கேளுங்கள். முப்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பெயரை டேக் செய்து கேட்பது கேள்வியே இல்லை, அது உத்தரவு. கேட்கும்போதே, “சாமானுக்கு இவ்வளவு, உன் உழைப்புக்கு இவ்வளவு தருகிறோம்” என்று சொல்லுங்கள். உழைப்புக்குக் கொடுக்க மனமில்லை என்றால் பேக்கரியில் வாங்குங்கள், அல்லது ஆளுக்கு ஒரு பஜ்ஜி சாப்பிட்டுப் பிறந்தநாள் பாட்டு பாடுங்கள். யாரும் குறைந்துபோக மாட்டீர்கள்.

செய்பவர்களுக்கு: “இந்தத் தடவை முடியாது.” “பொம்மை வேண்டுமென்றால் இந்த விலை.” “ஒரு வாரம் வேண்டும்.” இந்த மூன்று வாக்கியங்களையும் கண்ணாடி முன்னால் நின்று பத்து தடவை சொல்லிப் பாருங்கள். வாய்ப்பாடு மனப்பாடம் செய்த வாய்தானே, இதுவும் வரும். உயிர்த்தோழிக்கு ஆசையாய் இலவசமாகச் செய்ய வேண்டுமா? தாராளமாகச் செய்யுங்கள். அதை நீங்களே முடிவு செய்யுங்கள், குழு முடிவு செய்யக் கூடாது.

மேனேஜராக இருக்கும் என் மாணவர்களுக்கு: உங்கள் பிறந்தநாளுக்கு உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் ராத்திரி கண்விழித்துச் செய்துகொண்டு வந்தால், கைதட்டி வாங்கிக்கொண்டு போகாதீர்கள். செலவைக் கேட்டுக் கொடுங்கள். அடுத்த தடவை வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். அவள் சொல்ல முடியாததை நீங்கள் சொல்லலாம், பதவி இருப்பதே அதற்குத்தான்.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கு: ராத்திரி பதினோரு மணிக்கு அவள் பொம்மை ஒட்டிக்கொண்டிருந்தால், பக்கத்தில் நின்று “இதெல்லாம் தேவையா?” என்று கேட்காதீர்கள். கேள்வி நியாயமானதுதான், கேட்கும் நேரம்தான் சரியில்லை. அந்த நேரத்தில் உங்கள் கையில் பாத்திரம் கழுவும் நார் இருக்க வேண்டும்.

கடைசியாக எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். அடுத்த பிறந்தநாளுக்கு “நீதான் நல்லா செய்வியே!” என்று டைப் செய்வதற்கு முன்னால், ஒரு தாளில் மேலே போட்ட கணக்கை உங்கள் சம்பளத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். உங்கள் 8 மணி நேரத்துக்குக் கம்பெனி என்ன கொடுக்கிறது, அவளுடைய 8 மணி நேரத்துக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்று இரண்டு வரிசையாக எழுதுங்கள். விடையைக் கமெண்டில் போடுங்கள், திருத்தித் தருகிறேன். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள், மார்க் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்