முதலில் கழித்துப் பார்க்கட்டும்



போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பேத்தி கோடம்பாக்கம் வீட்டுக்கு வந்திருந்தாள். எம்.எஸ்சி. கணிதம், முதல் வருஷம். "தாத்தா, டைனமிக்கல் சிஸ்டம்ஸ் பேப்பர் ஒண்ணுமே புரியலை. படிப்பையே விட்டுடலாம்னு இருக்கு" என்றாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக வரையறை, தேற்றம். போட்டுப் பார்க்க ஓர் எண்கூட இல்லை.

ஒரு தாளைக் கொடுத்து 1949 என்று எழுதச் சொன்னேன். "இலக்கங்களை இறங்குவரிசையில் எழுது, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழி. விடையையும் அதே மாதிரி செய்." 9941 − 1499 = 8442. பிறகு 5994, 5355, 1998, 8082, 8532, 6174. அங்கேயே நின்றுவிட்டது; 7641 − 1467 மறுபடியும் 6174தான். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு படிக்குள் இங்கே வந்துவிடும்.

"இதுதாம்மா ஃபிக்ஸட் பாயிண்ட். நீ வந்த வழி ஆர்பிட்" என்றேன். அடுத்து ஈரிலக்கம்: 81, 63, 27, 45, 09, திரும்ப 81. "பீரியட் அஞ்சு!" என்று அவளே சொன்னாள்.

இதைக் கண்டவர் தேவ்லாலி பள்ளி ஆசிரியர் கப்ரேகர். முதுகலை படிக்காதவர். 1949ல் நம் மெட்ராஸில் நடந்த கணித மாநாட்டில்தான் இதை அறிவித்தார். அதனால்தான் அந்த எண்ணைக் கொடுத்தேன்.

என் கருத்து இதுதான்: இந்தப் பாடத்தின் முதல் வாரத்தில் பலகையில் தேற்றமே வேண்டாம். 1976ல் 'நேச்சர்' இதழில் ராபர்ட் மே, ஓர் எளிய சமன்பாட்டை மாணவர்கள் கணிதப் படிப்பின் தொடக்கத்திலேயே கால்குலேட்டரில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். நாம் எம்.எஸ்சி.யில்கூடச் செய்வதில்லை.

போட்டுப் பார்ப்பது நிரூபணம் ஆகுமா? நான்கிலக்க எண்கள் பத்தாயிரத்துக்குள் அடங்கும், ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிடலாம். 0க்கும் 1க்கும் நடுவே உள்ள எண்களை அப்படிப் பார்த்து முடியாது. அங்கேதான் தேற்றம் வேண்டும். அந்தத் தேவையை உணர்ந்த பிறகு சொன்னால் மனதில் ஒட்டும்.

நானும் சூத்திரத்தை முதலில் எழுதி உங்களை மிரட்டியவன்தான்; மன்னியுங்கள். இன்று கல்லூரியில் பாடம் எடுக்கும் என் மாணவர்களே, நீங்களாவது மாற்றுங்கள்.

பேத்தி இன்னும் முடிவு சொல்லவில்லை. நேற்று ராத்திரி போன் வந்தது: "தாத்தா, அஞ்சு இலக்கத்துல நிக்கவே மாட்டேங்குது, சுத்திக்கிட்டே இருக்கு. ஏன்?"